தோட்டத்துக்கு முன்னாலும் தமிழ் இருந்தது

நான் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன். என் பாட்டி கொழுந்து பறித்தவள். அந்த உரிமையில் சொல்கிறேன்: மலேசியத் தமிழ் இலக்கியம் தோட்டத்தில்தான் பிறந்தது என்ற பேச்சை இனியாவது நிறுத்துவோம்.

போன மாதம் ஓர் இலக்கியக் கூட்டத்தில் மறுபடியும் அதையே சொன்னார்கள். நல்ல கைதட்டல். மறுநாள் பஸ் ஏறி பினாங்கு போனேன்.

சூலியா தெரு. 'சூலியா' என்றால் தமிழ் முஸ்லிம்தான். நடக்கிற தூரத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். 1801இல் கம்பெனி கொடுத்த நிலத்தில், காதர் மொகிதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் எழுப்பியது. இன்றைக்கு 'கிளிங்' என்று யாராவது நம்மைச் சொன்னால் சட்டையைப் பிடிப்போம். அங்கே அது பள்ளிவாசலின் பெயராகவே நிற்கிறது. கொஞ்சம் தள்ளி நாகூர் தர்கா. நம்ம ஆட்கள் இங்கே வராமல் இல்லை. நாசி கண்டார் சாப்பிட்டு, படம் எடுத்து, திரும்பிவிடுகிறார்கள்.

எங்கள் மலையில் போ தேயிலை நிறுவனம் தொடங்கியது 1929இல். அதற்கு 42 வருஷம் முன்னாலேயே, 1887இல், சிங்கப்பூரில் மகதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வாரப் பத்திரிகையை நடத்தத் தொடங்கிவிட்டார். அது சிங்கப்பூர்தானே என்பீர்கள். அப்போது பினாங்கும் சிங்கப்பூரும் ஒரே ஆட்சியின் கீழ் இருந்தவை.

"அவங்க வியாபாரிங்க, நாம கூலிங்க. வலி நம்மோடது" என்று ஒரு நண்பன் சண்டைக்கு வந்தான். கண்டார் என்பது தோளில் சுமக்கும் காவடித் தடி, தம்பி. இரண்டு முனையிலும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் தெருத்தெருவாய் நடந்தவன் முதலாளியா? என் பாட்டியின் முதுகில் கூடை, அவன் தோளில் தடி. இதில் எந்தச் சுமைக்கு இலக்கியத்தில் இடமில்லை?

எங்கள் லயத்துக்கு ஜவுளி மூட்டையோடு ஒரு பாய் வருவார். கடன் கணக்கைத் தமிழில்தான் எழுதுவார். தீபாவளிப் புடவை அவர் கடனில் வந்ததுதான். பாட்டி அவரை 'தம்பி' என்றாள். பள்ளிக்கூடம் போன நான்தான் 'மாமாக்' என்று சொல்லக் கற்றுக்கொண்டேன். அந்தச் சொல்லுக்குள் இருப்பது நம்ம 'மாமா' என்பது பினாங்கில்தான் உறைத்தது.

தோட்டத்து வலியைக் குறைத்து எழுதச் சொல்லவில்லை. அடுத்த தொகுப்பை 1929இலோ ரப்பரிலோ தொடங்காதீர்கள். சூலியா தெருவிலிருந்து தொடங்குங்கள். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டாள்.