வேகம் குறைய ஒரு செலவு

மலைப் பாதையில் மாருதி ஜிப்ஸி திணறினால் அதன் சொந்தக்காரர் முதலில் திட்டுவது இன்ஜினைத்தான். 1985-ல் வந்த முதல் ஜிப்ஸியில் இருந்தது 970 சி.சி. இன்ஜின். 1996-ல் ஜிப்ஸி கிங் வந்தபோது அது 1,298 சி.சி. ஆனது. 2000-ல் எம்.பி.எஃப்.ஐ. வந்து 80 குதிரைசக்தியைத் தொட்டது. நெடுஞ்சாலையில் வண்டி பறந்தது. ஆனால் உருளைக்கல் நிறைந்த ஆற்றுப்படுகையிலும் செங்குத்தான மண் பாதையிலும் பழைய கதைதான். மெதுவாகப் போனால் இன்ஜின் அணைந்துவிடும். அணையாமல் போனால் வண்டி துள்ளிக் குதிக்கும். இரண்டுக்கும் நடுவே டிரைவர் கிளட்சை அரைகுறையாக மிதித்துக்கொண்டு சமாளிப்பார். சற்று நேரத்தில் கிளட்ச் பிளேட் கருகும் வாடை.

இந்த வியாதிக்கான மருந்து, வண்டியின் அடிவயிற்றில் தொங்கும் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கிறது. பெயர் டிரான்ஸ்ஃபர் கேஸ்.

பார்வைக்கு ஜீப் வகையறா என்றாலும் உடம்பில் ஜிப்ஸி ஒரு குட்டி லாரி. ஏணி மாதிரியான சேசிஸ், முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங். இந்த எளிமைதான் அதை ராணுவத்துக்கும் போலீசுக்கும் வனத்துறைக்கும் பிடித்த வண்டியாக்கியது. 2019-ல் பொதுமக்களுக்கான விற்பனை நின்றது. ஆனாலும் புலி பார்க்க ரந்தம்போருக்கும் கார்பெட்டுக்கும் போகிறவர்கள் இன்றும் ஜிப்ஸியில் ஏறுகிறார்கள். ராணுவம் கழித்து ஏலம் விட்டவையும் புதுச் சொந்தக்காரர்களைத் தேடிக்கொண்டன. புதிது கிடைக்காது என்பதால் இருப்பதைச் செப்பனிடும் ஆசை எல்லோருக்கும். அகலமான டயர், உயர்த்திய ஸ்பிரிங், வேறு இன்ஜின் என்று பணம் கரைகிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கம் கண் போவது கடைசியில்தான்.

கியர் பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுப்பது இந்தப் பெட்டியின் வேலை. கூடவே இரண்டு நடைகள்: சாதாரண ஓட்டத்துக்கு ஹை, சங்கடமான இடத்துக்கு லோ. லோவில் போட்டால் சக்கரம் மெதுவாகச் சுற்றும். எவ்வளவு மெதுவோ அவ்வளவுக்கு முறுக்கு விசை கூடும். ஜிப்ஸியின் லோ விகிதம் 2.268. கேட்பதற்குத் தாராளமாகத்தான் இருக்கிறது. சூட்சுமம் ஹையில் இருக்கிறது. பல வண்டிகளில் ஹை என்பது நேருக்கு நேர், ஒன்றுக்கு ஒன்று. ஜிப்ஸியில் அதுவே 1.409. ஆக, லோவுக்கு மாற்றினால் கிடைக்கும் உண்மையான இறக்கம் 1.6 மடங்குதான். 1940-களின் வில்லிஸ் ஜீப்பிலேயே அது 1.97 மடங்கு. 2023-ல் மாருதி விற்பனைக்குக் கொண்டுவந்த ஜிம்னியில் 2.002. தாத்தாவும் பேரனும் தாராளம், நடுவில் வந்தவர் மட்டும் கஞ்சம்.

அமெரிக்காவில் சாமுராய் என்ற பெயரில் விற்ற 1.3 லிட்டர் சுசூகி, ஜிப்ஸி கிங்கின் உடன்பிறப்பு. அதை வைத்துக் கணக்குப் போட்டால் விஷயம் பளிச்சென்று தெரியும். முதல் கியர் 3.652, லோ 2.268, ஆக்ஸில் 3.727. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 31. அதாவது இன்ஜின் 31 முறை சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. 800 சுற்றில் இன்ஜின் ஐடிலிங்கில் ஓடும்போது, கம்பெனி போட்ட டயரில் வண்டியின் வேகம் மணிக்கு 3.3 கி.மீ. மனிதன் நிதானமாக நடக்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவு. முழங்கால் உயரப் பாறையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, மறுபக்கம் பூப்போல இறக்கி வைக்க இது அதிகம்.

வேடிக்கை என்னவென்றால், பலரும் செய்யும் முதல் செலவு இந்தக் குறையை இன்னும் மோசமாக்குகிறது. 205/70-15 டயரின் உயரம் சுமார் 26.3 அங்குலம். கம்பீரத்துக்காக 235/75-15 போட்டால் அது கிட்டத்தட்ட 29 அங்குலம். சக்கரம் பெரிதாக ஆக, ஒரே சுற்றில் வண்டி அதிக தூரம் போகிறது. எல்லா கியரும் சுமார் 9 சதவீதம் பலவீனமாகிவிடுகிறது. ஸ்பீடோமீட்டரும் குறைத்துக் காட்ட ஆரம்பிக்கும். டயர் கடைக்காரர் இதைச் சொல்வதில்லை.

உயரம் இன்னொரு எதிரி. லடாக்கின் கர்துங் லா போன்ற, 5,300 மீட்டரைத் தாண்டிய கணவாய்களில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் 60 சதவீதத்துக்கும் கீழே. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அதே அளவுக்குச் சோர்ந்துபோகும். 80 குதிரைகளில் 30-க்கு மேல் அடிவாரத்திலேயே தங்கிவிட்ட மாதிரி. பாதை தார் போட்டதாக இருந்தால் முதல் கியரில் ஏறிவிடலாம். மண் சரிந்து, பனி உருகிய நீர் ஓடும் திருப்பத்தில் நின்று கிளம்ப வேண்டியிருந்தால் டிரைவருக்கு வியர்க்கும்.

ஏற்றத்தைவிட இறக்கம்தான் உயிர் விஷயம். ஆறு பேரையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நீண்ட சரிவில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், முன் டிஸ்க்கும் பின் டிரம்மும் சூடேறி, மிதிக்க மிதிக்கப் பிடி தளரும். தாழ்ந்த கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தும். கால் பிரேக்கில் லேசாக இருந்தால் போதும். பாறை ஏறும் போட்டிக்காரர்களுக்கு மட்டுமான சமாச்சாரமாக லோ-கியரைப் பேசுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

மாற்றுவது எப்படி? இங்கே ஜிப்ஸியின் அமைப்பு மெக்கானிக்குக்குக் கை கொடுக்கிறது. பல வண்டிகளில் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர் பாக்ஸோடு ஒட்டிப் பிறந்தது. ஜிப்ஸியில் அது தனிக்குடித்தனம். நடுவே ஒரு குட்டி புரொப்பெல்லர் ஷாஃப்ட், தாங்கிப் பிடிக்க ரப்பர் வைத்த மூன்று மவுன்ட். ஷாஃப்ட்டுகளைக் கழற்றி, மவுன்ட் போல்ட்டுகளை எடுத்தால் பெட்டி கீழே வந்துவிடும். கியர் பாக்ஸைத் தொட வேண்டியதில்லை. பெட்டியை இரண்டாகப் பிளந்து பற்சக்கரங்களை மாற்றும்போதே பேரிங், ஆயில் சீல் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். பழைய பேரிங்கை மிச்சப்படுத்தி, மூன்றாம் மாதம் மறுபடி பெட்டியை இறக்குவது மடத்தனம்.

எந்த விகிதம் என்பதில்தான் ஆசை புத்தியை மறைக்கும். மிகச் சிக்கனமான வழி, பழைய 1 லிட்டர் எஸ்.ஜே. 410-ன் பற்சக்கரங்கள். அதன் லோ சுமார் 2.51. பத்து சதவீதத்துக்குச் சற்று மேலே லாபம். பெரிய டயர் தின்றதை ஈடுகட்டும், அவ்வளவுதான். அடுத்தது வெளிநாட்டுப் பட்டறைகளில் தயாராகும் 4.16 செட். மொத்த விகிதம் 31-லிருந்து 56-க்கு மேல் போகிறது. ஐடிலிங் வேகம் மணிக்கு 1.8 கி.மீ. ஆமை நடை, ஆனால் அடங்கிய நடை. இன்னும் வேண்டுமென்பவர்களுக்கு 6.5 செட் உண்டு: மொத்தம் 88, வேகம் 1.1 கி.மீ. பாறைகளுக்கு நடுவே கயிறு கட்டிப் போட்டி நடத்தும் மைதானத்தில் அது உதவும். குடும்பத்தோடு காட்டு பங்களாவுக்குப் போகிறவருக்கு அது தண்டச் செலவு. போதாததற்கு, சரளை இறக்கத்தில் இவ்வளவு தாழ்ந்த முதல் கியர் சக்கரத்தையே பூட்டிச் சறுக்க வைக்கும். டிரைவர் இரண்டாம் கியருக்குப் போக வேண்டிவரும்.

பெருகிய முறுக்கு எங்காவது போய்ச் சேர வேண்டுமே. 103 நியூட்டன் மீட்டர் தரும் இன்ஜினை 31-ஆல் பெருக்கினால், உராய்வை மறந்துவிட்டுச் சொன்னால், ஆக்ஸிலில் 3,200. அதையே 56-ஆல் பெருக்கினால் 5,800. மாருதியின் ஆக்ஸிலும் ஷாஃப்ட்டும் இந்த எண்ணுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் கிழிவது டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பர் மவுன்ட். பெட்டி முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் எகிறும். மவுன்ட்டைத் தாங்கும் கையிலேயே விரிசல் விடும். அதனால் பற்சக்கரம் வாங்கும்போதே பலமான மவுன்ட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். அடுத்த பலி முன் சக்கரத்துக்குள் இருக்கும் ஜாயின்ட். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, சக்கரம் கல்லிடுக்கில் மாட்டியிருக்கும்போது ஆக்சிலரேட்டரை அமுக்கினால் 'டக்' என்று ஒரு சத்தம். மெதுவாகப் போவதற்காகச் செலவழித்தவர் பிறகு அவசரப்படுவதில் அர்த்தமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக வலியுறுத்தியது. அதே ஆண்டு திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. ஆர்.சி. புத்தகத்தில் கியரின் பல் விகிதம் எழுதப்படுவதில்லை. இன்ஜின் எண் எழுதப்படுகிறது. அந்த வகையில் இன்ஜினை மாற்றுகிறவருக்கு இருக்கும் தலைவலி இவருக்குக் குறைவு. ஆனாலும் விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துக் கேள்வி கேட்பதைவிட, முன்னாலேயே எழுதித் தெரிவித்துவிடுவது நல்லது.

வேலை முடிந்து வண்டி வெளியே வந்ததும் காய்ந்த தார் ரோட்டில் லோவைப் போட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். கூடாது. ஜிப்ஸியில் லோ என்றால் நான்கு சக்கரமும் சேர்ந்தே இயங்கும். திருப்பத்தில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து, புதுப் பற்களைத்தான் பதம் பார்க்கும். மண்ணிலோ புல்லிலோ சோதிக்கலாம். சில நூறு கி.மீ. ஓடியதும் முதல் ஆயிலை இறக்கி வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சாம்பல் மாதிரி மெல்லிய இரும்புப் பொடி தெரிந்தால் கவலையில்லை, பற்கள் ஒன்றுக்கொன்று பழகுகின்றன. நகக்கண் அளவுத் துணுக்கு கிடைத்தால் பெட்டியை மறுபடி இறக்க வேண்டியதுதான்.