வளரும் பள்ளியும் தேயும் தமிழ் வகுப்பும்

மும்பையில் தமிழ்வழிப் பள்ளி தேய்கிறதே என்று மேடையேறிக் கண்ணீர் வடிப்போர் நம்மிடையே பலர். அவர்தம் பிள்ளைகள் அப்பள்ளியின் படியை மிதித்ததுண்டா என்று கேட்டால் சினம் கொள்வர். ஆதலால் அதைக் கேட்காது விடுவோம். வேறொன்று கேட்போம். தாராவியில் தோற்பை தைக்கும் தொழிலாளி தன் பிள்ளையைத் தமிழ் வகுப்பிலிருந்து ஏன் எடுக்கிறார்? மொழிப்பற்று இல்லாமையாலா? அன்று, நண்பர்களே, அன்று!

2022-ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள், சின்னஞ்சிறு வகுப்புகளுக்கு 2021 டிசம்பர் 15 அன்றுதான் திறந்தன. சனவரியில் மறுபடி மூடி, 24-ஆம் நாள் மீண்டும் திறந்தன. இதற்கிடையே தாராவியில் பள்ளிக் கட்டிடமே நோய்த்தொற்றுக்கான தனிமை முகாமாயிற்று. வேலையிழந்த குடும்பங்கள் நெல்லைச் சீமைக்கு ரயிலேறின. திரும்பி வந்தோரில் தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட வழியற்றோர் எத்தனையோ பேர்! அவ்வாண்டு மாநகராட்சி ஓர் இலட்சம் புதிய மாணவரைச் சேர்ப்போம் என்று முழங்கி, வீடு வீடாக ஆசிரியரை அனுப்பியது. பிள்ளைகள் வந்தனர். ஆண்டாண்டாகக் குறைந்துவந்த வருகைப் பதிவேடு தடித்தது.

வறுமை மட்டுமா காரணம்? மாநகராட்சி 2020 முதல் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டப் பள்ளிகளைத் தொடங்கியிருந்தது. இடங்களைவிட விண்ணப்பங்கள் பெருகி, குலுக்கல் நடத்த நேர்ந்தது. முனிசிபல் பள்ளி என்றால் முகஞ்சுளித்த நகரத்தில் குலுக்கல்! இங்கே சேர்த்தால் பிள்ளை கடைசிவரை படிப்பான் என்ற உறுதி பெற்றோர்க்குக் கிடைத்தது, கூட்டம் கூடியது.

அந்த உறுதிதான் தமிழ் வகுப்புக்கு இல்லை. மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் தொடக்கக் கல்வி தருவது இம்மாநகராட்சியின் பெருமை, மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கப்பால்? தொடக்கப் பள்ளிகளை நோக்க உயர்நிலைப் பள்ளிகள் மிகச் சில. அவற்றுள் தமிழ்வழி அரிது. பின்னம் என்று கற்ற பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பில் ‘ஃப்ராக்‌ஷன்’ வேறொரு கணக்காகத் தோன்றுகிறது. கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை கடைசி பெஞ்சுக்குப் போகிறான். இதைக் கண்ட அண்டை வீட்டார் தம் பிள்ளையை முதல் வகுப்பிலேயே ஆங்கிலவழியில் சேர்த்துவிடுகின்றனர். அவர்களைக் குறை சொல்ல நமக்கு என்ன உரிமை?

1956-இல் ஏழாம் திருத்தத்தால் அரசியல் சட்டத்தில் புகுந்த 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் தொடக்கக் கல்வி கிடைக்க வசதி செய்யுமாறு பணிக்கிறது. தொடக்கத்தோடு நின்றும்விடுகிறது.

ஆகவே நம் கோரிக்கை இரண்டாக இருக்கட்டும். உள்ள தமிழ்வழி வகுப்புகள் பத்தாம் வகுப்புவரை தொடர வழி வேண்டும். ஆங்கிலவழிக்குப் போய்விட்ட தமிழ்ப் பிள்ளைகளுக்கு அங்கேயே தமிழ் ஒரு பாடமாக வேண்டும். மராத்தியைக் குறைத்துத் தமிழைக் கேட்கவில்லை. மராத்தி கட்டாயம் என்ற 2020-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமானதே. இம்மண்ணில் உண்டு வாழ்வோர் இம்மண்ணின் மொழியைக் கற்றாக வேண்டும். அதோடு தமிழுக்கும் கொஞ்ச நேரம் என்பதே நம் விண்ணப்பம். இரண்டாவது கோரிக்கை தோல்வியை ஒப்புக்கொள்வது என்பர் சிலர். தாயின் கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேட்கும் பிள்ளையைவிட அந்தத் தோல்வி மேல்.

தாராவிச் சீரமைப்புத் திட்டம் வேறு அச்சமூட்டுகிறது. 2000 சனவரி முதல் நாளுக்குப் பின் குடியேறியோருக்குத் தாராவிக்குள்ளேயே இலவச வீடு இல்லை. அவர்களுக்கு வெளியேதான் இடம். மாடியில் குடியிருப்போர் நிலையும் அதுவே. குடும்பங்கள் சிதறினால் தமிழ் வகுப்பு எங்கே போகும்? வீட்டின் சதுர அடியை ஓயாது பேசும் தலைவர்கள் இதைப் பற்றி வாய் திறந்தால் நல்லது.

நம் கலினா வளாகத்திலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் தாராவி. ஜூன் மாதச் சேர்க்கையின்போது நம்மில் பத்துப் பேர் போகலாம். ஊருக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளிடம் மாற்றுச் சான்றிதழ் இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று பெற்றோர் தயங்கி நிற்பர். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு வயது முதல் பதினான்கு வரை உள்ள பிள்ளைக்கு வயதுச் சான்று இல்லையென்று இடம் மறுக்கலாகாது என்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் மறுக்கலாகாது. ஆண்டின் நடுவே வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றையும் ஒரு தாளில் தமிழிலும் மராத்தியிலும் எழுதி எடுத்துச் சென்றால் போதும்.