எரித்த பின் ஒரு மன்னிப்பு

நெடுந்தீவில் நோய் முற்றினால் கடல் கடந்துதான் யாழ்ப்பாண வைத்தியசாலைக்குப் போகவேண்டும். வைத்தியர் மீதும் அரசு மீதும் உள்ள நம்பிக்கையே அப்பயணத்துக்குத் துணை. பெருந்தொற்றுக் காலத்தில் அந்த நம்பிக்கையைக் கெடுத்தவர்கள் யார்?

கொவிட் சடலங்களைப் புதைக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச்சிலேயே சொல்லிவிட்டது. இலங்கை அரசோ ஏப்ரலில் வர்த்தமானி மூலம் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் நிலத்தடி நீர் கெடுமாம். டிசம்பரில், பிறந்து 20 நாளேயான முஸ்லிம் சிசுவும் எரிக்கப்பட்டது. அடக்கம் செய்யலாம் என்று இலங்கை மருத்துவச் சங்கம் வாய் திறந்ததோ 2021 ஜனவரியில்! அந்நாட்களில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாரச்சி கேகாலைப் 'பாணி'யைக் குடித்துக் காட்டிவிட்டு, பின்னர் தாமே தொற்றுக்கு ஆளானார்.

2021 மார்ச்சில், புதைப்பதற்கு நெடுந்தீவுக்குத் தென்கிழக்கேயுள்ள இரணைதீவைத் தெரிந்தெடுத்தார்கள். தீவார் குடிப்பதும் நிலத்தடி நீர்தானே, ஐயா? மீனவ மக்கள் எதிர்த்து நின்ற பின்னரே ஓட்டமாவடிக்கு மாறினார்கள்.

2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அது போதாது. விஞ்ஞானத்தின் பேரால் கையொப்பமிட்ட நிபுணர்கள் பகிரங்கமாகப் பதில் சொல்லவேண்டும். இல்லையேல், அடுத்த தொற்றின்போது வைத்தியர் சொல்லும் மெய்யையும் மக்கள் நம்பப்போவதில்லை. அந்தப் பழி மக்களுடையதன்று.