ஒரே மெயில் ஐடியை எல்லா இடத்திலும் கொடுக்கிறீர்களா? மூன்றாகப் பிரித்தால் என்ன லாபம்?

பீட்சா ஆர்டர், துணிக்கடை ஆஃபர், பேங்க் ஸ்டேட்மென்ட், டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு... எல்லாமே ஒரே இன்பாக்ஸில் வந்து விழுகிறதா? 'ஒரு ஐடி தானே, என்ன ஆகிடப் போகுது?' என்று நினைத்தால், இதைப் படித்துவிடுங்கள்.

ஒரு கடையில் கசிந்தால் என்ன ஆகும்?

பிக்பாஸ்கெட் வாடிக்கையாளர்கள் சுமார் 2 கோடி பேரின் மெயில் ஐடி, போன் நம்பர், முகவரி ஆகியவை டார்க் வெப்பில் விற்பனைக்கு வந்திருப்பதாக 2020 நவம்பரில் தகவல் வெளியானது. 2021 ஏப்ரலில் அதே டேட்டா இலவசமாகவே இணையத்தில் கொட்டப்பட்டது. மே மாதம் டொமினோஸ் இந்தியாவின் 18 கோடி ஆர்டர் விவரங்கள் கசிந்தன. அதே மாதம், 45 லட்சம் பயணிகளின் தகவல் கசிந்ததை ஏர் இந்தியா ஒப்புக்கொண்டது.

மூன்றும் வேறு வேறு நிறுவனங்கள். ஆனால் மூன்றிலும் நீங்கள் ஒரே ஐடியைக் கொடுத்திருந்தால், அதை வைத்தே மூன்று பட்டியலையும் கோத்துவிடலாம். வீடு எங்கே, என்ன வாங்குகிறீர்கள், எங்கே பறந்தீர்கள் என்பது ஒரே இடத்தில் கிடைத்துவிடும். அதன்பிறகு வரும் போலி மெயில் உங்கள் பெயர், முகவரியோடு வரும். நம்பாமல் இருப்பது கஷ்டம்.

மீஞ்சூர் பக்கம் இது ஏன் முக்கியம்?

காட்டுப்பள்ளி, எண்ணூர் துறைமுகங்கள், வல்லூர் அனல்மின் நிலையம் என்று வேலை தேடுபவர்களுக்கு இங்கே இடம் உண்டு. பழவேற்காடு ஏரிக்கரை மீனவ கிராமத்துப் பிள்ளைகள் ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு ரெஸ்யூமேயைப் பல ஜாப் சைட்டுகளில் ஏற்றுகிறார்கள். அதிலிருக்கும் மெயில் ஐடி எத்தனை கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது. 'வேலை கன்ஃபார்ம், டெபாசிட் கட்டுங்க' என்ற போலி மெயில் நுழைவது இந்த வழியில்தான்.

இன்னொரு சிக்கல், பிரவுசிங் சென்டர். சொந்த மெயில் இல்லாதவருக்கு கடையின் ஐடியையே ஃபார்மில் போட்டுவிடுவார்கள். கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பாஸ்வேர்டு மாற்றும் லிங்க்கும், இன்டர்வியூ அழைப்பும் அவர் இன்பாக்ஸுக்குத்தான் போகும்.

எப்படிப் பிரிப்பது?

இறாலுக்கு ஒரு வலை, மீனுக்கு ஒரு வலை என்று வைத்திருப்பது போலத்தான்:

• முதல் ஐடி: பேங்க், ஆதார், டிஜிலாக்கர், பாஸ்போர்ட். வேறு எங்கும் கொடுக்க வேண்டாம்.
• இரண்டாவது: படிப்பு, வேலை விண்ணப்பம், ரெஸ்யூமே.
• மூன்றாவது: ஷாப்பிங், சாப்பாடு ஆப், கேம், கடையில் பில் போடும்போது கேட்பது.

இதில் கூடுதல் லாபமும் உண்டு. மூன்றாவது ஐடிக்கு 'உங்க பேங்க் கணக்கு முடக்கம்' என்று மெயில் வந்தால், யோசிக்கவே வேண்டாம், போலி. ஏன்னா பேங்க்குக்கு அந்த ஐடியே தெரியாது.

புதுக் கணக்கு திறக்காமலே முடியுமா?

ஜிமெயிலில் ஒரு வழி இருக்கிறது. உங்கள் ஐடியில் பெயருக்குப் பின்னால் '+' குறி போட்டு, கடைப் பெயரைச் சேர்த்துக் கொடுங்கள். மெயில் உங்கள் இன்பாக்ஸுக்கே வரும். அந்த முகவரிக்கு ஸ்பேம் வந்தால், எங்கிருந்து போனது என்று பிடித்துவிடலாம். ஆனால் '+' பகுதியை வெட்டினால் உங்கள் நிஜ ஐடி தெரிந்துவிடும். சில சைட்டுகள் இதை ஏற்பதும் இல்லை. அதனால் இது அடையாளம் காணத்தான் உதவும், மறைக்க உதவாது.

மறக்கக் கூடாதவை

2 ஆண்டுகள் தொடாமல் விட்ட தனிநபர் கணக்கை கூகுள் நீக்கிவிடலாம். எனவே மூன்று ஐடியையும் அவ்வப்போது திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு வையுங்கள். மூன்று ஐடிக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் பிரித்ததில் பயனே இல்லை. முதல் ஐடிக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு கட்டாயம்.

சட்டம் காப்பாற்றாதா? டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தது. பாதுகாப்பில் கோட்டை விடும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம். ஆனால் அபராதம் கட்டினாலும், வெளியே போன ஐடி திரும்பி வராது.

ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்கு அழையுங்கள். இன்னும் போகவில்லை என்றால், இன்றைக்கே பேங்க் கணக்கிலிருக்கும் மெயில் ஐடியை மட்டும் மாற்றுங்கள். மற்றதை மெதுவாகப் பிரித்துக்கொள்ளலாம்.