தலைநகரங்களில் மட்டக்களப்பு

மட்டக்களப்பு வாவிக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குச் செல்வோரில் பெரும்பாலானோர் அங்கே குடியேறிய பிள்ளைகளையோ சகோதரங்களையோ பார்க்கச் செல்பவர்களாகையால், அவர்களுடைய ஊர் பார்த்தல் என்பது உறவினர் வீட்டு விருந்துகளுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் இடையே அவசரமாக முடிக்கப்படும் காரியமாகவே அமைந்துவிடுகிறது. ஒரே அனுமதியில் 29 நாடுகளுக்குச் சென்றுவர இடமளிக்கும் ஷெங்கன் விசா, எந்த 180 நாட்களிலும் 90 நாட்களுக்கு மேல் தங்க விடுவதில்லை. 90 யூரோ கட்டணமும், வங்கிக் கணக்குக் கூற்றும், ஸ்பொன்சர் கடிதமும், கொழும்புப் பயணமுமாக அதைப் பெற்ற பெற்றோர், விடுமுறை கிடைத்த மகன் கார் ஓட்ட, பாரிஸின் ஈபிள் கோபுரம், அம்ஸ்டர்டாமின் படகுச் சவாரி எனத் தலைநகரங்களைச் சில நாட்களுக்குள் படமெடுத்து முடித்துவிடுகின்றனர். அதன் பிறகு பாரிஸில் லாச்சப்பல் கடைத்தெருவும் மாணிக்க விநாயகர் ஆலயமும், சுவிஸ் தலைநகர் பேர்ணில் 2014இல் திறக்கப்பட்ட பல்சமய இல்லத்திலுள்ள சிவன் கோயிலும் முறைப்படி பார்க்கப்படுகின்றன. இவற்றில் குறை சொல்ல எதுவுமில்லை. எனினும், இந்த வாவியின் சொந்த வரலாறு அதே தலைநகரங்களில் கல்லாகவும் வெண்கலமாகவும் இருந்துகொண்டிருக்க, அதைப் பாராமலே திரும்புவது பெரிய இழப்பாகும்.

லிஸ்பனில் தேஜோ ஆற்றங்கரையிலுள்ள பெலேம் பகுதி சுற்றுலாப் பயணிகளால் எப்போதும் நிறைந்திருப்பது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையைக் கொண்ட ஜெரோனிமோஸ் மடாலயமும், கடற்பயணங்களைப் போற்றி 1960இல், சலாசாரின் சர்வாதிகார ஆட்சியில், எழுப்பப்பட்ட கப்பல் வடிவ நினைவுச் சின்னமும் அங்கேதான் உள்ளன. அந்தச் சின்னத்தில் செதுக்கப்பட்டவர்கள் எல்லோரும் புறப்பட்டுச் சென்ற தரப்பினரே. அவர்கள் சென்றடைந்த துறைகளில் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் கல்லில் இடமில்லை. அந்த ஆற்றின் வழியாக வெளியேறிய ஒரு வல்லரசுதான் 1628 அளவில் புளியந்தீவில் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. மட்டக்களப்பின் பறங்கியர் சமூகத்தில், அதாவது போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்தோரிடையே, ஒரு கிரியோல் போர்த்துக்கேய மொழி நான்கு நூற்றாண்டுகளின் பின்னரும் பேசப்பட்டு வருவதையும், லிஸ்பன் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் வந்து அதைப் பதிவு செய்ததையும் அறிந்தவருக்கு, பெலேமின் கல் உருவங்கள் வெறும் படப்பின்னணியாகத் தோன்றுவதற்கில்லை.

அம்ஸ்டர்டாமில் கால்வாய்ப் படகுகள் சுற்றிவரும் பழைய நகரத்துக்குள்ளேயே கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் நிற்கிறது. இன்று பல்கலைக்கழகக் கட்டடமாகப் பயன்படும் அதன் முற்றத்தைப் பலர் கவனிக்காமலே கடந்து செல்கின்றனர். ஒல்லாந்தரின் அந்தக் கம்பனி 1602 மார்ச்சில் நிறுவப்பட்டது. யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கப்பல் தலைவர், அது நிறுவப்படுமுன்பே வேறொரு வணிகக் குழுவின் சார்பில் புறப்பட்டு, அதே ஆண்டு மே இறுதியில் மட்டக்களப்பில் இறங்கி, இங்கிருந்து கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் காணச் சென்றார். 36 ஆண்டுகளின் பின், 1638 மே மாதத்தில், போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் இலங்கையில் முதன்முதலாகக் கைப்பற்றிய கோட்டை மட்டக்களப்புக் கோட்டையே. பிற்காலத்தில் நெடுநாள் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், அந்தச் சுவர்களுக்குள் இயங்கியதால், உள்ளூர் மக்களுக்கு அது காணிப் பத்திரங்களுக்காகக் காத்திருந்த இடமாகவே பழகிவிட்டது.

அம்ஸ்டர்டாமின் தேசிய அருங்காட்சியகத்தில் இனிப் பார்க்க முடியாத பொருள் ஒன்றும் உண்டு. 1765இல் கண்டி அரண்மனையிலிருந்து கம்பனிப் படை கவர்ந்து சென்ற இரத்தினக் கற்கள் பதித்த சிறு பீரங்கியை, அதனுடன் வாள்கள் முதலான வேறு ஐந்து பொருட்களையும் சேர்த்து, நெதர்லாந்து அரசு 2023இல் இலங்கைக்குத் திருப்பிக் கையளித்துவிட்டது. அவை இப்போது கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

இலண்டனின் நிலை வேறு. பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 33ஆம் கூடத்தில், 143 சென்ரிமீற்றர் உயரமும் பொன் முலாமும் கொண்ட ஒரு வெண்கலப் பெண் உருவம் நிற்கிறது. எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கருதப்படும் இந்தச் சிலை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் கண்டெடுக்கப்பட்டது என்பதற்கு மேல் அதன் இடம் பற்றித் தெளிவான குறிப்பு இல்லை. 1812 முதல் 1820 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த ரொபேர்ட் பிரவுன்றிக், 1830இல் அதை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். இடுப்புக்கு மேல் ஆடையற்ற அந்த உருவம் பொதுமக்கள் பார்வைக்கு ஒவ்வாதது எனக் கருதிய அதிகாரிகள், ஏறத்தாழ 30 ஆண்டுகள் அதை அறிஞர்களுக்கு மட்டுமே காட்டினர். கொண்டுசெல்லத் தடுக்காத நாகரிகம் காட்டத் தடுத்தது வேடிக்கையே.

மகாயான பௌத்தத்தில் அவலோகிதேசுவரருடன் சேர்த்து வணங்கப்படும் தாரா என்ற பெண் தெய்வமாக இன்று அடையாளம் காணப்படும் இச்சிலையை, முற்கால ஆய்வாளர்கள் பத்தினித் தெய்வம், அதாவது கண்ணகி, என்றே கருதினர். அந்தக் கருத்து கைவிடப்பட்டதில் தவறில்லை. ஆயினும், வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் கதவு திறந்து, குளிர்த்திச் சடங்குடன் விழா நிறைவுறும் ஒரு நிலப்பகுதியைச் சேர்ந்தவர், வலக்கையால் வரமளித்து நிற்கும் அந்த உருவத்தின் முன் நிற்கையில், பழைய ஆய்வாளரின் மயக்கம் எங்கிருந்து வந்தது என்பதை எளிதில் உணர்வார். கிழக்குக் கரையின் சமய வரலாறு ஒரே மதத்தின் சொத்தாக ஒருபோதும் இருந்ததில்லை என்பதற்கு இத்தகைய சான்று அரிது. இன்று எந்தத் தரப்பும் தன் உரிமைக் கொடியை நாட்ட இதைப் பயன்படுத்தாதிருப்பது நல்லது.

இச்சிலையைத் திருப்பிப் பெறுவது எளிதல்ல. பிரித்தானிய அருங்காட்சியகம் பற்றிய 1963ஆம் ஆண்டின் சட்டம், சேகரிப்பிலுள்ள பொருட்களை நிரந்தரமாகக் கைவிட அதன் அறங்காவலர்களுக்கு மிகக் குறுகிய இடமே அளிக்கிறது. ஆனால், இரவலாகக் கொடுப்பதை அதே சட்டம் அனுமதிக்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட, போதிய காவலுள்ள ஒரு காட்சிக்கூடம் மட்டக்களப்பில் அமையுமானால், தாராவைச் சில மாதங்களுக்கேனும் இரவலாகக் கேட்பதற்கு நியாயமான அடிப்படை உருவாகும். அதுவரை, இலண்டன் செல்லும் வாசகர்கள் தேம்ஸ் நதிப் படகையும் மெழுகுச் சிலைக் கூடத்தையும் சற்றே ஒத்திவைத்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு 33ஆம் கூடத்துக்கு ஒருமுறை செல்ல வேண்டும். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கொழும்பில் இருப்பது அச்சிலையின் பிரதி மட்டுமே.