வீட்டுக் கல்வி: தடையும் இல்லை, அங்கீகாரமும் இல்லை

புது தில்லி: ஆறு வயது நிறைந்த குழந்தையைப் பள்ளியில் சேர்க்காமல் வீட்டிலேயே கற்பிக்கப் பெற்றோர் முடிவு செய்தால், அது சட்டத்தை மீறிய செயலா? கல்வி உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும், இக்கேள்விக்கு நேரடியான விடை அச்சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை.

இப்பிரச்னையின் இரு பக்கங்களையும் ஒருசேரக் காண ஏற்ற இடம் ஹைதராபாதின் தார்நாகா பகுதி. உஸ்மானியா பல்கலைக்கழகம், இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் ஆகியவை சூழ்ந்த பகுதி இது. தம் பிள்ளைகளுக்குத் தாமே கற்பிக்க இயலும் என்று நம்பக்கூடிய கல்வியும் வசதியும் உள்ள குடும்பங்கள் வாழும் இடம்.

அந்நம்பிக்கைக்கு இந்நகரிலேயே முன்னுதாரணம் உண்டு. ஹைதராபாதைச் சேர்ந்த டேபிள் டென்னிஸ் வீராங்கனை நைனா ஜைஸ்வால், பத்தாம் வகுப்புக்கு நிகரான கேம்பிரிட்ஜ் தேர்வில் 8 வயதிலேயே தேர்ச்சி பெற்றவர். அவருடைய தம்பி, தெலங்கானா அரசின் பத்தாம் வகுப்புத் தேர்வில் 2015-ல் தமது 9-ஆவது வயதில் தேறினார். 2020-ல், 14 வயதில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் இளநிலைப் பட்டத் தேர்வையும் முடித்தார். இருவருக்கும் வீட்டில் பெற்றோரே ஆசிரியர்கள்.

மறுபக்கம்: தார்நாகாவுக்குச் சற்றுத் தொலைவில், செகந்திராபாதின் மேற்கு மாரேட்பள்ளியில் எம்.வி. அறக்கட்டளை இயங்கி வருகிறது. 1991 முதல் ரங்காரெட்டி மாவட்டக் கிராமங்களில் குழந்தைகளை வேலையிலிருந்து மீட்டுப் பள்ளிக்கு அனுப்பும் பணியில் ஈடுபட்ட அமைப்பு இது. அதை வழிநடத்திய சாந்தா சின்ஹா 2003-ல் மகசேசே விருது பெற்றார். பின்னர், 2007-ல் அமைக்கப்பட்ட தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தின் முதல் தலைவரானார்.

பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒவ்வொரு குழந்தையும் குழந்தைத் தொழிலாளியே என்பது அந்த அறக்கட்டளையின் அடிப்படைக் கொள்கை. வீட்டு வேலை, ஆடு மேய்த்தல், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளுதல் என எந்தக் காரணத்துக்கும் விலக்கு அளிக்கக் கூடாது என்பதால்தான் இவ்வளவு கண்டிப்பான வரையறை. வீட்டுக் கல்வியைக் கோரும் பெற்றோரும், குழந்தை உரிமைக்காகப் போராடுவோரும் கருத்து வேறுபடும் இடம் இதுவே.

சட்டம் கூறுவது என்ன?: 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது அரசியல் சாசனத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குக் கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. குழந்தைக்குக் கல்வி வாய்ப்பு அளிப்பதைப் பெற்றோரின் அடிப்படைக் கடமையாகவும் சேர்த்தது. இதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தது.

இச்சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குழந்தையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. ஆனால், அக்கடமையைச் செய்யத் தவறும் பெற்றோருக்கு எந்தத் தண்டனையும் விதிக்கவில்லை. "கட்டாயக் கல்வி" என்பதில் உள்ள கட்டாயமும் அரசைச் சார்ந்தது என்று 8-ஆவது பிரிவு விளக்குகிறது. அதாவது, கல்வி அளிக்க வேண்டிய கட்டாயம் அரசுக்குத்தான்.

வீட்டுக் கல்வி தொடர்பாக தில்லி உயர் நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கில், 2012 ஜூலையில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் பதில் மனு தாக்கல் செய்தது. விரும்பி வீட்டுக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் அதைத் தொடரலாம். கல்வி உரிமைச் சட்டம் அதற்குக் குறுக்கே நிற்காது என்று அதில் கூறப்பட்டது. பெற்றோர் பலரும் இன்றளவும் சுட்டிக்காட்டுவது இதைத்தான். ஆனால், நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனு சட்டத்துக்கு ஈடாகாது. நாடாளுமன்றம் எழுதாத விதிவிலக்கை அமைச்சகத்தின் மனு உருவாக்கிவிட முடியாது.

மேலும், நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆசிரியரை அமர்த்திப் பாடம் நடத்தினால் நிலைமை சிக்கலாகிறது. அங்கீகாரமின்றிப் பள்ளி நடத்தினால் ரூ.1 லட்சம் வரை அபராதம் விதிக்க 18-ஆவது பிரிவு வகை செய்கிறது. வீடு எங்கே முடிகிறது, பள்ளி எங்கே தொடங்குகிறது என்பதற்குச் சட்டத்தில் தெளிவான எல்லை இல்லை.

சான்றிதழே சிக்கல்: வீட்டில் கற்கும் குழந்தை சமூகத்தின் கணக்கில் வருவது தேர்வு எழுதும்போதுதான். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 14 வயது நிறைந்தவர்களைப் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வு எழுத அனுமதிக்கிறது. எனினும், திறந்தநிலைப் பள்ளியில் படித்தோருக்கு மருத்துவ நுழைவுத் தேர்வின் கதவு நீண்ட காலம் மூடியே இருந்தது. 1997-ஆம் ஆண்டு விதியில் இருந்த அத்தடையை 2018-ல் தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிரச்னை உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது 2024-ல்தான்.

சான்றிதழ் இல்லாவிட்டால் திறமையும் துணைக்கு வருவதில்லை. பள்ளியை விட்டு விலகி வீட்டில் கற்ற மும்பை மாணவி ஒருவர், சர்வதேச கணினியியல் ஒலிம்பியாடில் பதக்கங்கள் வென்றவர். பிளஸ் 2 சான்றிதழ் இல்லாததால் அவரால் ஐஐடியில் சேர இயலவில்லை. 2016-ல் அவருக்கு இடம் அளித்தது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனம்.

பிற நாடுகளில்: அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டபூர்வமானது, கண்காணிப்பு விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடும். இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், பள்ளியிலோ வேறு வகையிலோ கல்வி அளிக்கலாம் என்கிறது. ஜெர்மனியில் பள்ளிக்குச் செல்வது கட்டாயம். அதை எதிர்த்த பெற்றோரின் மனுவை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2006-ல் நிராகரித்தது. ஆக, அனுமதிக்கும் நாடுகளும் தடுக்கும் நாடுகளும் தம் நிலையைத் தெளிவாக எழுதி வைத்துள்ளன. இந்தியாவோ மௌனத்தை விடையாகக் கொண்டுள்ளது.

யாருக்கு ஆபத்து?: இந்த மௌனத்தால் வசதி படைத்த குடும்பத்துக்குப் பெரிய இழப்பு இல்லை. முயற்சி தோற்றால் தனியார் பள்ளியில் இடம் வாங்கிக்கொள்ள அதற்கு இயலும். ஆனால், 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டத்தின்படி, குடும்பத் தொழிலில் குழந்தை உதவி செய்யலாம். அது பள்ளி நேரத்துக்குப் பின்னரோ, விடுமுறையிலோ இருக்க வேண்டும். பள்ளியிலேயே சேராத குழந்தைக்குப் பள்ளி நேரம் எது? "வீட்டில் படிக்கிறாள்" என்ற ஒரு சொல், தறியிலோ கடையிலோ அடுப்படியிலோ முடங்கும் சிறுமியின் நிலையை மறைக்கும் திரையாகிவிடக்கூடும்.

இதற்காக வீட்டுக் கல்வியை முற்றிலும் தடை செய்ய வேண்டுமென்பதில்லை. மாற்றுக் கல்வி முறைகளுக்கு இடமளிக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் கூறுகிறது. அந்த இடத்துக்கு வரையறை தேவை. வீட்டில் கற்கும் குழந்தையின் பெயரை உள்ளூர்க் கல்வி அலுவலகத்தில் பதிவு செய்தல், ஆண்டுக்கு ஒரு முறை அருகமைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் குழந்தையை நேரில் சந்தித்தல், எட்டாம் வகுப்பு நிலையில் சான்றிதழ் வழங்குதல் ஆகிய மூன்றும் பெரும் செலவு பிடிப்பவை அல்ல.

6 முதல் 14 வயது வரையிலான குழந்தை திரும்பி வந்து வயதுக்கேற்ற வகுப்பில் சேரும் உரிமையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு ஏற்கெனவே வழங்கியுள்ளது. அந்த உரிமை தனக்கு இருப்பதைக் குழந்தையும் அறிந்திருக்க வேண்டும். வீட்டில் கற்பிக்க முடிவு செய்வது பெற்றோர். அதன் பலனையும் பாதிப்பையும் ஏற்கப்போவது குழந்தை. ஆண்டுக்கு ஒரு முறையாவது அக்குழந்தையிடம் "உனக்கு இது பிடித்திருக்கிறதா?" என்று கேட்பதற்கு, குடும்பத்துக்கு வெளியே ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த ஒருவரை நியமிக்கும் பொறுப்பு அரசுக்கே உரியது.