ஓ.பி. அடிக்காம ஓ.பி. படிக்கலாம்!



எம்.பி.ஏ. முதல் வருஷத்துல 'ஆர்கனைசேஷனல் பிஹேவியர்'னு ஒரு பேப்பர். செல்லப் பேரு ஓ.பி. கேட்டதும் நம்ம பசங்க விடுவாங்களா? "ஓ.பி. அடிக்கிறதுக்குத் தனி பேப்பரா? அதுல நான் கோல்டு மெடல் மச்சி!" எஞ்சினீயரிங் ஆளுங்களும் தப்பிக்க முடியாது. 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' பேப்பர்ல இதே விஷயங்கள் வேற சட்டை மாட்டிக்கிட்டு வந்து நிக்கும்.

காலையில கீழ்க்கட்டளை ஸ்டாப்புல நின்னு பாருங்க. காலேஜ் பஸ்ஸும் கம்பெனி பஸ்ஸும் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். இன்னிக்கு முதல் பஸ்ல ஏறுற நாம, ரெண்டு மூணு வருஷத்துல அடுத்த பஸ்ல ஏறணும். அங்கே நமக்கு மேலே ஒருத்தர், கீழே பத்துப் பேர்னு இருப்பாங்க. மெஷினைப் புரிஞ்சுக்க நாலு வருஷம் கொடுத்தவங்க, மனுஷனைப் புரிஞ்சுக்க ஒரே ஒரு பேப்பர்தான் கொடுத்திருக்காங்க. அதனால அதைக் கொஞ்சம் சீரியஸாவே பார்க்கலாம்.

நம்ம கேள்வி சிம்பிள். ஒருத்தன் ஏன் ஓ.பி. அடிக்கிறான்? "அவன் சோம்பேறி"ங்கறது சுலபமான பதில். ஆனா ஓ.பி. பேப்பர் என்ன சொல்லுதுன்னா, ஆளை மட்டும் பார்க்காதே, அவனைச் சுத்தி வேலை எப்படி அமைஞ்சிருக்குன்னும் பாரு!

கயிறு இழுத்த எஞ்சினீயர்

மாக்ஸ் ரிங்கல்மன்னு ஒரு பிரெஞ்சு விவசாய எஞ்சினீயர். 19-ம் நூற்றாண்டு கடைசியில ஆளுங்களைக் கயிறு இழுக்க விட்டு அளந்தார். 1913-ல ரிசல்ட்டை வெளியிட்டார். 8 பேர் சேர்ந்து இழுத்தப்போ, ஒவ்வொருத்தரும் போட்ட பலம் தனியா இழுக்கிறப்போ போட்டதுல கிட்டத்தட்ட பாதிதான்!

எல்லாரும் ஒரே நேரத்துல இழுக்காததால பலம் வீணாகுதுன்னு சொல்லலாமில்ல? அதையும் சோதிச்சாங்க. 1974-ல அமெரிக்காவுல ஆளுங்க கண்ணைக் கட்டி, 'உங்க பின்னாடி நிறைய பேர் இழுக்கிறாங்க'ன்னு நம்ப வெச்சாங்க. நிஜமா இழுத்தது அவர் ஒருத்தர்தான். அப்பவும் பலம் குறைஞ்சது. இதுக்குப் பேரு 'சோஷியல் லோஃபிங்'. நம்ம பாஷையில சுத்தமான ஓ.பி.!

நாலு பேர் பேரைப் போட்டு, ஒருத்தர் மட்டும் ராத்திரி முழிக்கிற ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ஞாபகம் வருதா? யார் எவ்வளவு இழுத்தாங்கன்னு வெளியே தெரியாத இடத்துலதான் இது வளருது. ஆளாளுக்கு எது பங்குன்னு எழுதி வெச்சுட்டாலே பாதி நோய் போயிடும்.

அகமதாபாத் தறி ஷெட்

அப்போ வேலையைத் துண்டு துண்டா வெட்டி ஆளுக்கு ஒண்ணா கொடுத்துட்டா போதுமா? அங்கேதான் ட்விஸ்ட். நம்ம நாட்டுலயே இதுக்கு உலகப் புகழ் உதாரணம் இருக்கு.

அகமதாபாத் காலிகோ மில்லுல புதுசா ஆட்டோமேட்டிக் தறி போட்டாங்க. மெஷின் சூப்பர். ஆனா எதிர்பார்த்த அளவு துணியும் வரல, தரமும் வரல. 1953-ல லண்டன் டேவிஸ்டாக் இன்ஸ்டிட்யூட்ல இருந்து ஏ.கே.ரைஸ் வந்து பார்த்தார். 224 தறி, 29 தொழிலாளிங்க, 12 வகை வேலை. நெய்யுறவர் ஒரு கணக்குல தறிகளைப் பார்ப்பார், நூல் மாத்துறவர் இன்னொரு கணக்குல, அறுந்ததைச் சரி பண்றவர் வேறொரு கணக்குல. ஒரு தறி நின்னா அது யார் பொறுப்பு? எல்லாரும் அடுத்தவரைக் காட்டலாம். வேலை பக்காவா பிரிஞ்சிருந்தது, ஆனா டீம்னு ஒண்ணு இல்ல.

ரைஸ் சொன்ன யோசனை: கொஞ்சம் தறிகளை மொத்தமா ஒரு குரூப் கையில கொடுங்க. இதைக் கேட்ட தொழிலாளிங்க, மேலதிகாரி சொல்லட்டும்னு காத்திருக்கல. யார் யார் ஒரே குரூப்னு அவங்களே பேசி முடிவு பண்ணிட்டாங்க. கொஞ்ச நாள் தடுமாற்றத்துக்கு அப்புறம், சுமார் 80 சதவீதமா இருந்த செயல்திறன் 90-ஐத் தாண்டுச்சு. பழுதாகுற துணியும் குறைஞ்சது. தறி அதேதான், மாறினது வேலையை அடுக்கின விதம். 'சோஷியோ டெக்னிக்கல் சிஸ்டம்'னு புக்ல வர்றது இதுதான். மெஷினையும் மனுஷங்களையும் சேர்த்தே டிசைன் பண்ணணும்.

ஹேப்பி எண்டிங் மட்டும் சொன்னா நியாயம் இல்ல. 1970-ல எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தப்போ, ஒரு ஷெட்ல குரூப் முறை நல்லா நிலைச்சிருந்தது. மத்த இடங்கள்ல தேய்ஞ்சு பழைய பழக்கம் எட்டிப் பார்த்திருந்தது. நல்ல அமைப்பை ஒரு தடவை போட்டா போதாது, பராமரிக்கவும் வேணும்.

நாலு வழி

மூணாவது காரணம், குரல். வேலையில திருப்தி இல்லாதவருக்கு நாலு வழின்னு பாடம் சொல்லுது. விட்டுட்டுப் போறது, வாயைத் திறந்து சொல்றது, சரியாகும்னு பொறுத்திருக்கிறது, வந்து உக்காந்துட்டு வேலையைக் கண்டுக்காம விடறது. முதல் மூணையும் 1970-ல எழுதினவர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். நாலாவதைப் பின்னாடி வந்தவங்க சேர்த்தாங்க. அந்த நாலாவது எதுன்னு கண்டுபிடிச்சீங்களா? அதே நம்ம ஓ.பி.!

சொல்ற வழிக்கு நம்ம ஊர்ல நீண்ட வரலாறு உண்டு. 1918 ஏப்ரல் 27-ல பி.பி.வாடியாவைத் தலைவரா வெச்சு மெட்ராஸ் லேபர் யூனியன் ஆரம்பிச்சது. பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளிங்க சொன்ன குறைகள்ல ஒண்ணு, மத்தியானம் சாப்பிடக்கூட நேரம் போதலைங்கறது. நூறு வருஷம் தள்ளி, 2024 செப்டம்பர் 9-ல ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில ஸ்டிரைக். ஆயிரத்துக்கும் மேல தொழிலாளிங்க, 37 நாள். சம்பள உயர்வும் கேட்டாங்க, தங்க சங்கத்துக்கு அங்கீகாரமும் கேட்டாங்க. அக்டோபர் 15-ல ஸ்டிரைக் முடிஞ்சது. சங்கம் பதிவானது 2025 ஜனவரியில. யார் பக்கம் நியாயம்னு கேன்டீன்ல விவாதம் பண்ணுங்க. ஆனா ஒண்ணைக் கவனிங்க. பேசற வழி அடைபட்டா பிரச்னை மறையறதில்ல. மத்த மூணு வழியில எதையாவது பிடிச்சு வெளியே வரும், இல்லேன்னா பெரிசா வெடிக்கும்.

நாளைக்கு டிரெய்னி சூப்பர்வைசரா ஒரு ஷாப் ஃப்ளோர்ல நிக்கப் போற நமக்கு இது வெறும் மார்க் விஷயம் இல்ல. யாராவது ஓ.பி. அடிக்கிற மாதிரி தெரிஞ்சா, மெமோ அடிக்கிறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க பாஸ்: அவர் பங்கு வெளியே தெரியுதா? முழுசா ஒரு வேலை அவர் டீம் கையில இருக்கா? குறை சொல்ல அவருக்கு ஒரு ஆள் இருக்கா? மூணுக்கும் 'ஆமா'ன்னா, அப்புறம் மெமோவை எடுங்க!

அடுத்த வாரம் லீடர்ஷிப். கிளாஸ் லீடருங்க எல்லாம் தவறாம ஆஜராகவும்!